பல்லாங்குழிப் பலகையோடு தொடங்குவோம்: வீட்டு சிஎன்சியும் டெல்டா மரங்களும்

கணினி கொடுக்கும் கட்டளைப்படி மரம் செதுக்கும் சின்ன சிஎன்சி இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது இன்றைக்குப் பெரிய காரியமில்லை. கும்பகோணமோ மன்னார்குடியோ, பெட்டி வாசலுக்கே வந்துவிடும். ஒரு நாள் உட்கார்ந்தால் பூட்டி நிறுத்திவிடலாம். அதற்கப்புறம்தான் பலரும் தேங்கிப் போகிறார்கள். மரத்தை வெட்டும் அலகான பிட் முதலில் உடைகிறது, அடுத்த பலகை கருகுகிறது, அதற்கடுத்ததில் படம் கோணலாக விழுகிறது. இயந்திரம் மோசம் என்று முடிவுகட்டித் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது.

இந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒரே வேலை. சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சிறிய பிட்டை, நீங்கள் சொன்ன இடத்துக்கு, சொன்ன வேகத்தில் கொண்டுபோகும். அங்கே இருப்பது பலாவா வேம்பா, காய்ந்ததா ஈரமா, கெட்டியாகப் பிடித்திருக்கிறதா ஆடுகிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. மரத்தைத் தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். அதனால் இயந்திரத்தைப் பற்றித் தேவையான அளவு சொல்லிவிட்டு, மரத்தின் பக்கம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் கையில் ஒன்றும் நிற்காது. ஆகவே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: பல்லாங்குழிப் பலகை. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. புதியவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே குழியைப் பதினான்கு முறை வெட்டுவதால், முதல் குழியில் செய்த தப்பு எட்டாவது குழியிலேயே கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

இயந்திரத்துக்குள் நடப்பது

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர் முதல் புள்ளியை வைத்ததுமே மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் இடம் முடிவாகிவிடுகிறது. சிஎன்சியின் கணக்கும் அதுதான். இடமிருந்து வலம் எக்ஸ், முன்னிருந்து பின் ஒய், மேலும் கீழும் இசட். நீங்கள் வைக்கும் முதல் புள்ளிக்கு ஜீரோ என்று பெயர். அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் மற்ற எல்லா இடங்களுக்கும் முகவரி.

நம் பலகையை 300 மி.மீ. நீளம், 110 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்க முன்மூலைதான் ஜீரோ. முதல் குழியின் நடுப்புள்ளி எக்ஸ் 30, ஒய் 35. அடுத்தடுத்த குழிகள் 40 மி.மீ. இடைவெளியில் 70, 110, 150 என்று போய் 270இல் முடியும். இரண்டாவது வரிசைக்கு ஒய் 75. குழியின் வாய் 34 மி.மீ. அகலம், நடுவில் ஆழம் 12 மி.மீ. அடியில் 8 மி.மீ. மரம் மிஞ்சும். குழிக்கும் குழிக்கும் நடுவே 6 மி.மீ. சுவர் நிற்கும். மஞ்சாடி போட்டு ஆடுகிற அளவுக்கான சின்னப் பலகை இது. புளியங்கொட்டைக்குக் கொஞ்சம் நெருக்கம்தான். வீட்டு உபயோகத்துக்கு அதிகம் விற்கும் 3018 என்ற இயந்திரத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக இந்த அளவு. 3018 என்றால் 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் வேலைப் பரப்பு. மேல்கீழ் நகர்வு சுமார் 45 மி.மீ.

ஒவ்வொரு அச்சையும் நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். அது சாதாரண மோட்டார் மாதிரி தொடர்ந்து சுற்றாது. சின்னச் சின்னப் படியாகத் திரும்பும். வழக்கமான ஸ்டெப்பருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டார்களுக்குக் கட்டளை கொடுக்கும் மின்பலகையான கன்ட்ரோலர் அந்த ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 3200. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் திருகுக்கம்பி அச்சை 4 மி.மீ. தள்ளும் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 படி. இந்த எண் கன்ட்ரோலரில் தப்பாக இருந்தால் 40 மி.மீ. இடைவெளி 39 ஆகவோ 42 ஆகவோ வந்து நிற்கும். அதனால் பலகையைத் தொடுவதற்கு முன் இயந்திரத்தை 100 மி.மீ. நகரச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகை இயந்திரங்களில், போகச் சொன்ன இடத்துக்கு மோட்டார் உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்று திருப்பிச் சொல்ல எதுவும் கிடையாது. பிட் ஒரு கணுவில் மாட்டி இரண்டு மி.மீ. பின்தங்கினால், கன்ட்ரோலர் அது தெரியாமலே மேலே போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்திலிருந்து எல்லாக் குழிகளும் இரண்டு மி.மீ. தள்ளி விழும். படம் கோணலாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கட்டளைகளின் மொழிக்கு ஜி-கோடு என்று பெயர். ஜி0 என்றால் வெட்டாமல் விரைவாக நகர், ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேராக வெட்டிக்கொண்டே போ, ஜி2, ஜி3 இரண்டும் வளைவுக்கு, எம்3 பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைச் சுழற்று, எம்5 நிறுத்து. ஜி21 என்றால் அளவெல்லாம் மில்லிமீட்டர், ஜி20 என்றால் அங்குலம். கடைசி இரண்டையும் மட்டும் எப்போதும் கவனியுங்கள். மாறிப்போனால் 25.4 மடங்கு வித்தியாசம். 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை முதலில் காட்டியபோது கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் போயின. இன்று அதே வேலையை யுஎஸ்பி ஒயர் செய்கிறது.

கணினியில் மூன்று கட்டம் உண்டு. முதலில் வரைவது. அடுத்து, வரைந்ததன்மேல் எந்த பிட் எந்த வழியில் எத்தனை ஆழத்தில் போக வேண்டும் என்று பாதை போடுவது. மூன்றாவது, அந்தப் பாதையை இயந்திரத்துக்கு அனுப்புவது. வரைய இங்க்ஸ்கேப், வரையவும் பாதை போடவும் ஃப்ரீகேட், அனுப்ப கேண்டில் அல்லது யுனிவர்சல் ஜிகோட் சென்டர். நான்குமே இலவசம். எந்த மென்பொருள் சிறந்தது என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். பாதை போடும் கட்டத்தில்தான் மரவேலையின் மூளை இருக்கிறது. நேரத்தை அங்கே கொடுங்கள்.

இந்த இயந்திரத்தால் ஆகாத ஒன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிட் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். ஒரு உருவத்தின் அடிப்பக்கமாக நுழைந்து குடைய அதனால் முடியாது. திருவாரூர் ஆழித்தேரின் அடிப்பகுதியில் இருக்கிற மாதிரி கை, கால், ஆயுதம் எல்லாம் பின்பலகையிலிருந்து விலகி நிற்கும் மரச் சிற்பத்தை மூன்று அச்சு இயந்திரம் செய்யாது. தட்டையான புடைப்புச் செதுக்கல் வரும், அவ்வளவுதான். முதல் வேலையாகவே ஒரு பிள்ளையாரைச் செதுக்கிவிட வேண்டும் என்று பலருக்கு ஆசை. கொஞ்சம் பொறுங்கள். புடைப்பு உருவத்துக்கு மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். வேகமும் பிடிப்பும் பழகாத நேரத்தில் அது கண்டிப்பாக ஏமாற்றம் தரும்.

மரவாடிக்குப் போகும்போது

சரி, மரத்துக்கு வருவோம்.

முதல் சோதனைக்கு, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகைத் துண்டு நல்லது. அதில் ரேகை இல்லை, கணு இல்லை, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி வரும். ஆனால் அந்தக் காரணத்தினாலேயே அது மரத்தைப் பற்றி எதுவும் கற்றுத்தராது. இரண்டு குழி வெட்டிப் பார்த்து, அளவு சரி என்று தெரிந்ததும் உண்மையான மரத்துக்கு மாறிவிடுங்கள்.

டெல்டாவில் புதியவருக்கு என் முதல் தேர்வு குமிழ். வெளிறிய நிறம், மிதமான கடினம், செதுக்க இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. அடுத்தது பலா. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் செய்யப்படுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணை அது. பலாவின் மஞ்சள் நிறம் நாளாக ஆக ஆழ்ந்த பழுப்பாகும். பிட்டுக்கும் நன்றாகவே படியும். ஆனால் சில துண்டுகளில் ரேகை ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமுமாக ஓடும். அங்கே குழியின் சுவர் ஓரிடத்தில் வழவழப்பாகவும் ஓரிடத்தில் பிய்ந்தும் வரும். பூவரசும் நல்ல மரம். நேரான பெரிய பலகை கிடைப்பதுதான் கஷ்டம். மலைவேம்பு மலிவாகக் கிடைக்கும். மென்மையானது என்பதால் விளிம்பில் நார் நாராக எழும்பி நிற்கும், தேய்த்து எடுக்க வேண்டிவரும்.

தேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரைகளில் தேக்கு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நல்ல மரம் என்றாலே தேக்குதான். அழகிலும் உழைப்பிலும் சந்தேகமே இல்லை. ஆனால் தேக்கில் மணல்போன்ற சிலிக்கா இருப்பதால் பிட்டின் கூர் சீக்கிரம் மழுங்கும். விலையும் அதிகம். பழகும்வரை அதைத் தள்ளி வையுங்கள். வாகையும் வேம்பும் வேறு விதத்தில் சோதிக்கும். வாகைத் தூசி தும்மலைக் கிளப்பும், வேம்பின் தூசி தொண்டையில் கசக்கும். தென்னையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்ததிலிருந்து அந்தக் கேள்வி உண்டு. தென்னையில் வெளிப்பக்கம் இரும்பாக இருக்கும், உள்பக்கம் பஞ்சாக இருக்கும். ஒரே பலகைக்குள் இரண்டும் வரும்போது ஒரே வேகம் ஒத்துவராது. அது கை தேர்ந்தபின் எடுக்க வேண்டிய மரம்.

எந்த மரமானாலும் முதல் கேள்வி, காய்ந்ததா என்பதுதான். அடுத்தடுத்த கேள்விகளெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஈர மரத்தில் பிட் வெட்டுவதற்குப் பதில் நாரைக் கிழிக்கும்; குழி வெட்டி முடித்த பலகை சில வாரத்தில் வளையும், வெடிக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. சுருக்கமெல்லாம் அகலத்தில்தான். அதிலும் நாம் வெட்டுவது ஒரு முகத்தில் மட்டும். மேல் முகத்தில் இவ்வளவு மரம் போய்விட்டதும் இரண்டு பக்கத்து இழுப்பும் சமமில்லாமல் பலகை வளையப் பார்க்கும். நன்றாகக் காய்ந்த மரம் இதைத் தாங்கும். அரைகுறையாகக் காய்ந்தது தாங்காது.

காற்றில் காய வைக்க ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நம் வெயிலில் அதைவிடச் சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகையில் காய்வதே நின்றுபோகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில், காய்ந்த பலகைகூடக் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு ஊதும். மரம் காய்ந்ததைக் கண்டுபிடிக்க ஈரமானி வாங்கலாம். சுமார் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அது இல்லாமலும் வழி இருக்கிறது. பலகையை எடை போட்டு அதன்மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், அந்த இடத்துக் காற்றுக்கு அந்தப் பலகை பழகிவிட்டது.

பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் நிலைச்சட்டமும் இந்த வகையில் பொக்கிஷம். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடுகளில் பல்லாண்டு கிடந்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவது இதற்காகத்தான்; அப்படிப்பட்ட மரம் இனி அசையாது. நீங்களும் தேடலாம். ஒரே எச்சரிக்கை, ஆணி. உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி வெளியே தெரியாது. சுழலும் பிட் அதில் மோதினால் பிட் தெறிக்கும். பலகை முழுக்க ஒரு வலுவான காந்தத்தை மெல்ல நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு ஆசாரி இருந்தால் பலகையை அவரிடம் காட்டுங்கள். எங்கே வைரம் பாய்ந்த உள்மரம், எங்கே வெளிமரம், ரேகை எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்த முகத்தை மேலே வைக்க வேண்டும் என்று அவர் இழைப்புளி ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார். இயந்திரம் வாங்கிவிட்டோம், இனி ஆசாரி எதற்கு என்று நினைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இயந்திரம் வாங்கியபின்தான் அவருடைய அறிவு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. பலகையின் இரண்டு முகத்தையும் தட்டையாக இழைத்துக் கொடுக்கவும் அவரையே கேளுங்கள். பலகை மேடுபள்ளமாக இருந்தால் பதினான்கு குழியும் பதினான்கு ஆழத்தில் வரும்.

பிட், வேகம், வழிந்து விழும் தூள்

சின்ன இயந்திரத்தில் அதிகம் புழங்கும் பிட்டின் தண்டு 3.175 மி.மீ. விசித்திரமான எண்ணாகத் தெரியும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆசாரிமார் கணக்கில் சரியாக ஒரு நூல். பிட்டைப் பிடிக்கும் கோலெட் அதே அளவில் இருக்க வேண்டும். 3 மி.மீ. கோலெட்டில் இதைத் திணிக்கக் கூடாது.

நமக்கு இரண்டு பிட் போதும். ஒன்று, நுனி தட்டையான எண்ட் மில். இதை வைத்துக் குழியை முரட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கிறோம். இரண்டாவது, நுனி உருண்டையான பால் நோஸ். தட்டை பிட் விட்டுப்போன படிகளை இது வழித்துக் கிண்ணமாக்கும். இரண்டுமே கோலெட் நட்டுக்குக் கீழே 12 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆழம் போகும்போது நட்டு பலகையில் உரசும். எழுத்து வெட்டுவதற்கு நுனி கூரான வி-பிட் உண்டு. பலகையின் ஓரத்தில் பெயர் போட ஆசைப்படும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது வேகம். இங்கே இரண்டு வேகம் இருக்கிறது: பிட் சுழலும் வேகம், பிட் மரத்துக்குள் நகரும் வேகம். நகரும் வேகத்தைத்தான் ஃபீட் என்கிறார்கள். இரண்டையும் இணைப்பது, பிட்டின் ஒவ்வொரு வெட்டுவிளிம்பும் ஒரு சுற்றில் எவ்வளவு மரத்தைக் கடித்து எடுக்கிறது என்பது. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று, பிட்டுக்கு இரண்டு விளிம்பு, ஒவ்வொரு கடியும் 0.04 மி.மீ. என்றால் மூன்றையும் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 800 மி.மீ. இதுதான் நம் ஃபீட்.

புதியவர்கள் பயந்துபோய் இதை 200, 150 என்று குறைப்பார்கள். மெதுவாகப் போனால் பத்திரம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கடி மிகச் சிறியதாகிவிட்டால் பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடேறும், சூடேறினால் மரம் கருகும், பிட் மழுங்கும். பயமாக இருந்தால் வேகத்தைக் குறைக்காதீர்கள், ஆழத்தைக் குறையுங்கள். 3018 மாதிரி இலகுவான இயந்திரத்தில் ஒரு நடைக்கு 1 மி.மீ. ஆழம் போதும். 12 மி.மீ. குழிக்குப் பன்னிரண்டு நடை.

சரியான வேகமா என்று தெரிந்துகொள்ள விழுகிற தூளைப் பாருங்கள். கிள்ளியெடுத்த துணுக்குகளாக விழுந்தால் வெட்டு நன்றாக நடக்கிறது. மாவாகப் பறந்தால் தேய்க்கிறது. காதையும் திறந்து வையுங்கள். சீரான இரைச்சல் நல்லது. கீச்சென்ற சத்தம் அதிக சுழற்சியையோ குறைந்த ஃபீடையோ காட்டும். தடதடவென்ற அதிர்வு பலகையோ பிட்டோ பிடிப்பில் இல்லை என்று சொல்லும். குமிழிலிருந்து பலாவுக்கு மாறினால் எண்களும் கொஞ்சம் மாறும். மரத்தின் பெயர், ஆழம், ஃபீட், முடிவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள்.

வட்டக் குழியில் இன்னொரு சங்கதி. பிட் சுற்றி வரும்போது இரண்டு கால்வட்டங்களில் ரேகையோடு ஒத்துப் போகும், இரண்டில் ரேகைக்கு எதிராக ஏறும். எதிராக ஏறும் இடத்தில் விளிம்பு பிய்வது இயல்பு. வெட்டுவதற்கு முன் மேல் முகத்தில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டால் நார் எழும்புவது வெகுவாகக் குறையும்.

பிடிப்பும் ஜீரோவும்

பலகைக்கு அடியில் ஒரு எம்டிஎஃப் துண்டைப் போட்டு, அதன்மேல் பலகையை வையுங்கள். பிட் தப்பித் தவறி ஆழமாகப் போனால் அந்த அடிப்பலகைதான் வெட்டு வாங்கும், இயந்திரத்தின் மேசை தப்பிக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் கிளாம்ப் போடலாம். நம் அளவில் குழி விளிம்புக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே 18 மி.மீ. இருக்கிறது, கிளாம்பின் நுனி அதில் பாதியைத் தாண்டக் கூடாது. பிட் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும்போது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதையும் பாருங்கள். கிளாம்ப் 15 மி.மீ. உயரம் நிற்க, பிட் 5 மி.மீ. உயரத்தில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிடித்த பலகையைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் மறுபடி முடுக்குங்கள்.

அடுத்து ஜீரோ. இடது முன்மூலைக்கு மேல் பிட்டைக் கொண்டுவந்து எக்ஸ், ஒய் இரண்டையும் ஜீரோ ஆக்குங்கள். இசட்டுக்கு, பலகைமேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, ஸ்பிண்டில் சுழலாத நிலையில் பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். காகிதம் இழுக்கும்போது லேசாகப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தி ஜீரோ வையுங்கள். சாதாரணக் காகிதத்தின் கனம் சுமார் 0.1 மி.மீ.; மரவேலைக்கு அது பொருட்டே இல்லை. பிட்டை மாற்றினால் இசட் ஜீரோவை மறுபடி வைக்க வேண்டும், ஏனென்றால் புது பிட்டின் நீளம் வேறு. எக்ஸையும் ஒய்யையும் தொடக் கூடாது.

மூலையை ஜீரோவாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. பலகையின் நடுப்புள்ளியை ஜீரோ ஆக்கினால், வெட்டத் தொடங்கியபின் அந்தப் புள்ளி இருந்த அடையாளமே போய்விடலாம். மூலை கடைசிவரை அப்படியே இருக்கும். கரண்ட் போய் வந்தாலும் அதை மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.

கரண்ட், தூசி, துண்டு

இந்தப் பலகைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவோம். ஒரு குழியிலிருந்து வெளியேற வேண்டிய மரம் சுமார் 6,350 கன மி.மீ.; பதினான்குக்கும் சேர்த்து 89,000. ஒரு நடைக்கு ஆழம் 1 மி.மீ., பக்கவாட்டில் 1.3 மி.மீ., ஃபீட் 800 என்றால் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கன மி.மீ. வெளியேறும். முரட்டு வெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பால் நோஸ் பிட்டை 0.4 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் நுண்வெட்டுக்கு இன்னொரு மணி. ஆக இரண்டரை மணி நேரம் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது. கரண்ட் போனால் பிட் மரத்துக்குள்ளேயே நின்றுவிடும், இயந்திரம் தான் இருந்த இடத்தை மறந்துவிடும். 3018 வகைக்கு 24 வோல்ட் அடாப்டர்தான்; 10 ஆம்பியர் அடாப்டராக இருந்தாலும் உச்சத்தில் 240 வாட். வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும், மடிக்கணினியையும் அதிலேயே போடுங்கள். கூடவே வேலையை நான்கு கோப்பாகப் பிரியுங்கள்: முதல் வரிசை முரட்டு வெட்டு, இரண்டாவது வரிசை முரட்டு வெட்டு, அதேபோல் நுண்வெட்டு இரண்டு. எங்கே நின்றாலும் அந்தக் கோப்பை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.

கடலோர ஊர்க்காரர்கள் திருகுக்கம்பியையும் வழிகாட்டித் தண்டுகளையும் வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிதாக எண்ணெய் பூச வேண்டும். உப்புக்காற்றில் துரு ஏறினால் நகர்வு கரகரவென்று ஆகி, மோட்டார் படிகளைத் தவறவிட்டு, முன்னே சொன்ன மாதிரி இடம் தள்ளி விழுவது தொடங்கும்.

தூசியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. எம்டிஎஃப் தூசியில் பசையும் சேர்ந்து வரும். வேக்குவம் கிளீனரின் குழாயை பிட்டின் பக்கத்தில் நிறுத்துங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள், குழந்தைகள் தூங்கும் அறையில் இயந்திரத்தை வைக்காதீர்கள். கொல்லைப்புற அறை, மாட்டுக்கொட்டகையாக இருந்து இப்போது காலியாகக் கிடக்கும் இடம், இப்படி ஏதாவது பாருங்கள். மழைச் சாரல் படாமல் இருந்தால் போதும்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த முந்தானை, கழுத்துச் சங்கிலி எதுவும் ஸ்பிண்டில் பக்கத்தில் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேண்டாம். கையுறையும் போடக் கூடாது. சுழலும் பிட் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது டீ குடிக்கக் கிளம்பாதீர்கள். மழுங்கிய பிட் ஓரிடத்தில் நின்று தேய்த்தால் தூள் கனன்று பற்றிக்கொள்ளும்.

வெட்டும் நாள்

முதலில் இசட் ஜீரோவை வேண்டுமென்றே பலகைக்கு 20 மி.மீ. மேலே வைத்து முழுக் கோப்பையும் காற்றில் ஓட்டிப் பாருங்கள். பிட் பலகைக்கு வெளியே போகிறதா, கிளாம்பை நெருங்குகிறதா எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் சரியான ஜீரோ, முதல் குழி, கை நிறுத்தப் பொத்தான் அருகில். முதல் குழி முடிந்ததும் நிறுத்தி வாயையும் ஆழத்தையும் வெர்னியரால் அளந்துவிட்டுத் தொடருங்கள்.

கிண்ண வடிவத்துக்கு முப்பரிமாணப் பாதை போடுவது ஆரம்பத்தில் குழப்பினால், ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு நடுப்புள்ளியிலும் மூன்று வட்டம் வரையுங்கள்: 31 மி.மீ. அகல வட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம், 27க்கு 6, 20க்கு 9. இதைத் தட்டை பிட்டிலேயே வெட்டிவிடலாம். மிச்சமிருக்கும் படிகளையும் அடிப்பகுதியையும் வளைந்த உளியால் வழித்து, உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து 34க்கும் 12க்கும் கொண்டுவாருங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் அந்த மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்த பலகைக்குப் பாதை போடும்போது அது எந்த மென்பொருளும் சொல்லாத உதவி.

உப்புத்தாள் 120, 180, 240 என்று வரிசையாக. ரேகையோடு தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் கீறல் எண்ணெய் பூசியபின் எழும்பித் தெரியும். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்தபின் எழும்பும் நாரை மறுபடி 240ஆல் தட்டிவிடுங்கள். ஆளி விதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, காற்றோட்டத்தில் விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டபின் குப்பையில் சேருங்கள். இரண்டு முகத்துக்கும் எண்ணெய் பூசுங்கள். ஒரு முகம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரம் குடித்து, அடுத்த ஐப்பசியில் பலகை வளைந்து நிற்கும்.